காலரா என்று நான் எழுதிய மரணம்

சுங்காய்ப் பக்கம், பெரிய சாலையிலிருந்து ஏழு மைல் செம்மண் பாதையில் உள்ளே போனால் வரும் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் ஆறு வருஷம் டிரெசராக இருந்தேன். டிரெசர் என்றால் டாக்டர் இல்லை. காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பது, வேலைக்கு வராதவன் உண்மையிலேயே நோயாளிதானா என்று பார்த்துச் சீட்டு எழுதுவது, இவ்வளவுதான் என் வேலை. டாக்டர் வாரத்துக்கு ஒரு முறை காரில் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஜனங்களுக்கு நான்தான் டாக்டர். அவர்கள் 'ஐயா' என்று கூப்பிட்டார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்த 'ஐயா' எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் பிற்பாதி அது. கடைசி லயத்தில், கூரைத் தகரம் துருப்பிடித்துக் காலியாகக் கிடந்த வீடுகளில் சில குடும்பங்கள் இருந்தன. எல்லாம் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை, வைத்திருந்தவர்கள். அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர்கள்தான். ஆனால் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அப்பனோ பாட்டனோ பதியாமல் விட்டது. குடியுரிமை கிடைக்கவில்லை. வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, பெர்மிட் புதுப்பிக்கப்படாதவர்களின் பெயர் தோட்டத்துச் செக்ரோல் என்னும் ஆள் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. அவர்கள் வேறெங்கே போவார்கள்? தோட்ட வேலையைக் குத்தகைக்கு எடுக்கும் கொந்தரத்துக்காரனிடம் புல் வெட்டப் போனார்கள். துரை கண்டுகொள்ளவில்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை. அவர்களுக்கு என் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கக் கூடாது என்பது மட்டும் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. நான் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. பஞ்சும் ஸ்பிரிட்டும் கொடுத்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

கடைசி லயத்து அக்கா ஒருவரை எனக்கு அப்படித்தான் பழக்கம். நாற்பதைத் தொடும் வயது. ஒடிசலான உடம்பு. இனிப்பு நீர் வியாதி. மாத்திரைக்கு அடங்காமல் ஊசிக்குப் போய்விட்டது. லயத்தில் மற்றவர்கள் சிரிப்பார்கள். "பணக்காரன் வியாதி நம்ம ஆளுக்கு எப்படிலா வந்துச்சு?" என்பார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். மூன்று வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி, டவுனான பெக்கானுக்குப் போய், அங்கே ஒரு சீனர் மருந்துக் கடையில் இன்சுலின் வாங்கி வருவார். வீட்டில் ஐஸ் பெட்டி கிடையாது. ஈர மணல் போட்ட சின்ன மண்சட்டிக்குள் குப்பியை வைத்து, மேலே துணியை நனைத்துப் போட்டிருப்பார். கண்ணாடி சிரிஞ்சைக் கஞ்சிப் பானைக்குப் பக்கத்திலேயே கொதிக்க வைத்து, விடியுமுன் தானே தொடையில் குத்திக்கொண்டு வேலைக்குப் போவார். எண் வாசிக்கத் தெரியாது என்பதால் சிரிஞ்சில் எந்த இடம் வரைக்கும் மருந்து எடுக்க வேண்டும் என்று நான் சின்ன அரத்தால் ஒரு கீறல் போட்டுக் கொடுத்திருந்தேன்.

ஞாயிறு காலையில் சிறுநீர் கொண்டு வருவார். சோதனைக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சில சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை ஆனால் பரவாயில்லை. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. அக்கா குழாயையே பார்த்துக்கொண்டிருப்பார். பச்சையில் நின்றால், "பாஸ் பண்ணிட்டேன் ஐயா" என்பார்.

அந்த வருஷம் மழை தள்ளிப் போனது. மேட்டில் இருந்த தண்ணீர்த் தொட்டி வற்றி, கீழ் லயங்களில் குழாய் காற்றைத்தான் கக்கியது. ஆற்றுக்குப் போனார்கள். முதலில் ஒரு கிழவருக்கு வாந்தியும் பேதியுமாகப் போய், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. இரண்டாம் நாள் மூன்று பேர். மூன்றாம் நாள் சுகாதார இலாகா வேன் வந்தது, காலரா என்றார்கள். பெரிய சாலையில் தோட்டத்துப் பாதை பிரியும் இடத்தில் கயிறு கட்டி இரண்டு மத்தா மத்தாக்களை, போலீஸ்காரர்களை, உட்கார வைத்தார்கள். உள்ளே இருப்பவர் வெளியே போகக் கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே வரக் கூடாது. தமிழ்ப் பள்ளிக்கூடத்து பெஞ்சுகளை வெளியே எடுத்துப் போட்டு, நடுவில் ஓட்டை வெட்டிய கித்தான் கட்டில்களைப் போட்டார்கள். ஒவ்வொரு கட்டிலுக்குக் கீழும் ஒரு வாளி. பள்ளியைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார்கள். சொந்தக்காரர்கள் கோட்டுக்கு வெளியில்தான் நிற்க வேண்டும்.

கயிறு கட்டிய மறுநாள் அந்த அக்கா வந்தார்.

"ஐயா, என் மருந்து தீரப் போவுது. இந்தச் சனிக்கிழமை பெக்கான் போலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கயித்தக் கட்டிட்டாங்க."

"எத்தன நாளைக்கு வரும்க்கா?"

"நாலு நாளைக்கு இருக்கு. ஒரு நாள் கூடக் கொறய இருக்கும்."

வேனில் வரவேண்டிய சாமான்களுக்கு நான் தினமும் பட்டியல் எழுதி அலுவலகத்துக்கு அனுப்புவேன். அதில் இன்சுலினையும் எழுதினேன். மறுநாள் அலுவலகக் கணக்கு பார்க்கும் பெரிய கிராணி பட்டியலைத் திருப்பிக் காட்டினார். அந்த வரி அடிக்கப்பட்டிருந்தது.

"பேர் ரோல்ல இல்லையே டிரெசர். கொந்தரத்து ஆளுங்கள கொந்தரத்துக்காரன்தான் பாக்கணும். நாளைக்குத் துரை கேட்டா நான் என்னா சொல்றது?"

கொந்தரத்துக்காரன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தான். துரையிடம் நானே நேரில் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பேசியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு நாள் கிழமை தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து, தண்ணீர் லாரி பக்கத்தில் வாளியோடு நின்றிருந்த அக்கா கேட்டார்.

"மருந்து வந்துருச்சா ஐயா?"

"சொல்லியிருக்கேன்க்கா. வந்துரும்."

நடந்துகொண்டே சொன்னேன். சொன்ன பிறகுதான் துரையிடம் பேசவில்லை என்பது நினைவு வந்தது. பள்ளியில் ஒரு டிரிப் பாட்டில் தீரும் நேரம். வேகமாகப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அக்கா என்னிடம் கேட்கவில்லை. மருந்தை நீட்டிக்க, கீறல் வரைக்கும் எடுக்காமல் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டார் என்று பின்னால் அவர் மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

கயிறு கட்டிய எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, காலையில் அவர் புருஷனும் பக்கத்து வீட்டுக்காரரும் சாரத்தில் தொட்டில் கட்டி அவரைத் தூக்கி வந்தார்கள். வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார். கண் குழிவிழுந்திருந்தது. நாக்கு காய்ந்திருந்தது. அந்த வாரம் அப்படித்தான் எல்லோரும் வந்தார்கள். கோட்டைத் தாண்டி உள்ளே வாங்கி, ஜன்னல் ஓரக் கட்டிலில் போடச் சொன்னேன். உப்பும் சீனியும் கலந்த தண்ணீரை விடாமல் கொடுக்கச் சொன்னேன்.

சீனித் தண்ணீர். நான்தான் சொன்னேன்.

மத்தியானம் சுகாதார இலாகா வேனில் வந்த டாக்டர் கட்டில் கட்டிலாகப் போனார். புதுக் கட்டிலுக்கு வந்ததும் என்னைப் பார்த்து மலாயில் கேட்டார், வாந்தியா, பேதியா என்று. நான் வாளியைக் குனிந்து பார்க்கவில்லை. "டுவா டுவா, டாக்டர்" என்றேன். இரண்டும்தான் என்று. அவர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அப்போது அக்காவின் மகள் சுண்ணாம்புக் கோட்டருகே நின்றிருந்தாள். பதினைந்து வயது. தாயோடு புல் வெட்டப் போகிறவள்.

"ஐயா, அம்மாவுக்கு ஊசி போடல ஐயா. மருந்து முடிஞ்சி ரெண்டு நாளாச்சி."

"இங்க எல்லாரும் ஊசியிலதான் இருக்காங்க. போ, வீட்டுக்குப் போ."

"அந்த ஊசி இல்ல ஐயா..."

"போங்கிறேன்ல!"

அவள் போகவில்லை. நான்தான் திரும்பிப் போனேன். அவள் என்ன சொன்னாள் என்பது காதில் விழுந்தது. விழுந்தும் ஏன் உறைக்கவில்லை என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். தூக்கமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது முழு உண்மை இல்லை. கடைசி லயத்துப் பெண் ஒருத்தி எனக்குப் பாடம் சொல்ல வந்துவிட்டாளே என்ற எரிச்சல் கொஞ்சம் இருந்தது.

மறுநாள் பத்து மணி இருக்கும். ஆயக்கொட்டகையில் பிள்ளை பார்க்கும் ஆயாவை அந்த நாட்களில் பள்ளியில் உதவிக்கு வைத்திருந்தோம். கழுத்தில் சிலுவை போட்ட, அதிகம் பேசாத அம்மா. அவர் வந்து மெதுவாகச் சொன்னார்.

"ஐயா, சன்னலோரமா படுத்திருக்கிற அம்மாவுக்குப் பேதியே போவல. நேத்திலேருந்து வாளியில மூத்திரந்தான். வாளி வாளியா போவுது."

காலரா கண்டவருக்குச் சிறுநீர் நின்றுவிடும். உடம்பில் இருக்கும் தண்ணீரெல்லாம் பேதியிலேயே போய்விடும். இது எனக்குப் பரீட்சையில் வந்த கேள்வி.

கட்டிலுக்குப் போய்க் குனிந்தேன். அக்கா மூச்சு விட்ட விதம், மேடேறி ஓடி வந்தவர் விடுவது போல ஆழமாக, விடாமல். வாயிலிருந்து அழுகின பழ வாடை வந்தது. லைசால் நாற்றத்தில் அதுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. வாளியிலிருந்து சிறுநீர் எடுத்து, சோதனைக் குழாயில் காய்ச்சினேன். நீலம் எங்கேயும் நிற்கவில்லை. விளக்கில் காட்டிய உடனே செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது.

அலுவலகத்துக்கு ஓடினேன். தொலைபேசியில் பெரிய ஆஸ்பத்திரி கிடைக்கவே நேரம் பிடித்தது. யாருக்கு என்று கேட்காமல், இன்சுலினைச் சாயங்கால வேனில் அனுப்புகிறோம் என்றார்கள். சாயங்காலம் வரைக்கும் தாங்காது என்று தெரிந்தது. என் மோட்டார் சைக்கிளில் ஏறிச் செம்மண் பாதையில் ஏழு மைலும் போனேன். கயிற்றருகே இருந்த மத்தா மத்தா என் வயது இளைஞர். கையைக் காட்டி நிறுத்தினார்.

"தா போலே, பாங்."

முடியாது, அண்ணே, என்றார். எனக்குத் தெரிந்த மலாயிலெல்லாம் சொன்னேன். ஒரு பெண் சாகக் கிடக்கிறாள், காலரா இல்லை, இனிப்பு நீர், மருந்து வேண்டும். அவர் கூட இருந்த மத்தா மத்தாவிடம் ஏதோ சொன்னார். பிறகு சாலைக்கு எதிரில் இருந்த சீனர் கடைக்குப் போய் அந்தக் கடைக்காரரையே மோட்டார் சைக்கிளில் பெக்கானுக்கு அனுப்பி வைத்தார். கடைக்காரர் கிளம்புமுன் நான் ஒரு சீட்டில் மருந்தின் பெயரை எழுதிக் கயிற்றுக்கு மேலாகக் கொடுத்தேன். பிறகு காத்திருந்தேன். வெயிலில் நின்றேன். அந்த இளைஞர் தன் குடை நிழலில் வந்து நிற்கச் சொன்னார். நெருங்கக் கூடாது என்ற நினைவு வந்ததும் குடையையே என் பக்கம் நகர்த்தி வைத்தார். கடைக்காரர் திரும்பி வந்தபோது பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் குப்பி இருந்தது.

நான் திரும்பிப் பள்ளிக்கு வந்தபோது ஆயா வாசலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க ஐயா. நீங்க சொன்ன தண்ணியத்தான் குடுத்தேன். கடைசியா முழுங்கல."

நான் உள்ளே போனேன். குப்பியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே நாடி பார்த்தேன்.

அன்று சாயங்காலம் டாக்டருக்குக் கொடுக்க வேண்டிய தாளில் அக்காவின் வரியை நிரப்ப வேண்டியிருந்தது. நேற்றே அந்தப் பட்டியலில் இருந்த பெயர்தான். நோய் என்ற இடத்தில் காலரா என்று எழுதினேன். பள்ளியில் இருந்தவர்களில் ஆயாவுக்கு மட்டும் தெரியும். அவர் வாளிகளைக் கழுவப் போய்விட்டார். டாக்டர் கையெழுத்துப் போட்டார். பட்டியலில் அடித்துப்போன மருந்தைப் பற்றியோ, செங்கல் நிறத்தைப் பற்றியோ நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் என் வேலை போயிருக்கும். அந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. இப்படித்தான் நடந்தது என்று சொல்கிறேன்.

காலரா என்று எழுதியதால் உடலை வீட்டுக்குக் கொடுக்கவில்லை. பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சுண்ணாம்பு போட்டு, தோட்டத்துச் சுடுகாட்டு மூலையில் இலாகா ஆட்களே புதைத்தார்கள். புருஷனும் பிள்ளைகளும் தூரத்தில் நின்று பார்த்தார்கள். பாலூற்றவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. வீட்டிலிருந்த பாயையும் துணியையும் எரித்தார்கள். எல்லாம் முடிந்து நான் திரும்பும்போது அக்காவின் புருஷன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நெசமாவே காலராவா?"

"ஆமாண்ணே."

"பைப்புல தண்ணி வரல ஐயா. நான்தான் ஆத்துல மொண்டாந்தேன். காய்ச்சிக் குடின்னுதான் சொன்னேன். அவ தாகம் தாகம்னு... காய்ச்சாமயே குடிச்சிட்டா போலருக்கு. நான்தானே கொண்டாந்தேன்."

அவர் தன் மண்டையில் அடித்துக்கொண்டார். அந்தத் தாகம் ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். பின்னால் நின்றிருந்த மகளுக்கும் தெரியும். அவள் என்னையே பார்த்தாள்.

"அப்பா, அது இல்லப்பா. ஊசி போடலல்ல, அதனால—"

"வாய மூடு. டிரெசருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சா?" என்றார் அவர்.

நான் அவர் தோளில் கை வைத்து, "நடந்தது நடந்துபோச்சுண்ணே" என்றேன்.

கயிறு அவிழ்த்த கொஞ்ச நாளில் கடைசி லயத்தைச் சுத்தக் குறைவு என்று சொல்லி இடித்துவிட்டார்கள். அங்கே இருந்த குடும்பங்கள் எங்கெங்கோ போயின. நானும் ஒரு வருஷத்தில் அந்த வேலையை விட்டு, ஈப்போவில் ஒரு தனியார் கிளினிக்கில் சேர்ந்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், பேக்டரிச் சட்டை போட்ட பெண் ஒருத்தி இருமலுக்கு மருந்து வாங்க கவுண்டருக்கு வந்தாள். சிவப்பு ஐசியை நீட்டினாள். நான் நிமிர்ந்தேன். அக்காவின் மகள். அவள் என்னை முதலிலேயே அடையாளம் கண்டிருந்தாள்.

"அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"இருக்காரு. வேலைக்குப் போறதில்ல." பாட்டிலை வாங்கிக்கொண்டாள். "தண்ணி காய்ச்சுவாரு. பைப்புத் தண்ணியத்தான், மூணு வாட்டி காய்ச்சுவாரு. குளிக்கிற தண்ணியக்கூட. நாங்க யாரும் பானையத் தொடக் கூடாது. தம்பி ஒருநா ஸ்கூல்ல ஐஸ் தண்ணி குடிச்சிட்டு வந்தான்னு அப்பா ராவெல்லாம் அழுதாரு."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாதாரணமாகச் சொன்னாள். நான் வீடு எங்கே என்று கேட்டேன். சொல்லத் தயங்கினாள். பிறகு சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். ஈயம் தோண்டிய பழைய குட்டை ஒன்றின் கரையில் பலகை வீடுகள். அவர் வீட்டு முன்னால் மூன்று அடுப்பு, மூன்றிலும் தண்ணீர். மெலிந்து, விறகுப் புகையில் கண் சிவந்து, குந்தியிருந்தார். "வாங்க டிரெசரய்யா" என்று எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார். காய்ச்சிய தண்ணீரில் காப்பி கலந்து கொடுத்தார். அதைக் குடித்துவிட்டுச் சொல்வதா, குடிக்காமல் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், தண்ணீர் லாரி, வாளியைப் பார்க்காதது, சீனித் தண்ணீர், தாளில் எழுதியது. ஒன்றையும் விடவில்லை.

அவர் ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினார்.

"அப்ப தண்ணி இல்லியா?"

"தண்ணி இல்லண்ணே."

"நான் கொண்டாந்த தண்ணி இல்ல?"

"இல்லண்ணே. நான்தான்."

வாசலில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொன்னே" என்றார். "அன்னிக்கே சொன்னே. நான் ஒன்ன வாய மூடச் சொன்னேன்." அவள் உள்ளே போய்விட்டாள். உள்ளே அழுகிறாள் என்பது பலகைச் சுவர் வழியாகக் கேட்டது.

அவர் என்னைத் திட்டவில்லை. கை ஓங்கவில்லை. எழுந்து நின்று, "ஒங்ககிட்ட எத்தன வாட்டி கேட்டா அவ?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டு வாட்டி."

"ரெண்டு வாட்டி," என்றார். பிறகு, "இனிமே இங்க வராதீங்க ஐயா."

அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து மகள் கிளினிக்குக்கு வந்து, அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னாள். சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நான் அவளிடம் ஒன்று கேட்டேன். உண்மை தெரிந்த பிறகும் அவர் தண்ணீரைக் காய்ச்சினாரா என்று.

"காய்ச்சினாரு," என்றாள். "பழகிருச்சு. தம்பி மட்டும் அப்புறம் பைப்புலயே குடிச்சான். அப்பா பாத்துக்கிட்டு இருப்பாரு. ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அவளுடைய இருமல் அப்போதும் விடவில்லை. எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றேன். பேக்டரியில் லீவு தர மாட்டார்கள் என்றாள். அன்று கிளினிக்கைப் பாதியில் விட்டுவிட்டு, நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.